ஜெனிட்டா கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த கம்ப்யூட்டரின் கம்பெனி பெயர் ஜெனிட்டா என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டுமா, திருப்போரூரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். கோயில் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், "நம்மளுது ஜெனிட்டா, ஸ்ட்ராங் மெஷினு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். பத்திரம் எழுதுகிற ஒருவர் தன் மச்சானிடம், வாங்கினால் ஜெனிட்டாவாகப் பார்த்து வாங்கு, மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று சொன்னதை நானே காதால் கேட்டேன். சுவிட்சைப் போட்டதும் திரையில் அந்தப் பெயர்தான் வரும். கம்பெனிக்காரன் தன் பெயரைப் போடாமல் வேறு யார் பெயரைப் போடுவான்?

ஜெனிட்டா என்று ஒரு கம்பெனி கிடையாது. அது எங்களுக்குக் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்த அக்காவின் மகள் பெயர். சுனாமி வந்த அன்று காலையில் மாமல்லபுரம் பக்கம் கடற்கரைக்குப் போன பெண். போனவள் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அக்கா அசெம்பிள் செய்து கொடுத்த ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், பெயர் கேட்கிற இடத்தில், வாங்குகிறவர் பெயரைக் கேட்காமல் தன் மகள் பெயரையே அடித்து வைத்தார். மகள் செத்துவிட்டாள் என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. வெளியே போயிருக்கிறாள், அவ்வளவுதான் அவர் கணக்கு.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. முதலில் தெரிந்தது, இந்தப் பொம்பளைக்கு ஏதோ ஒரு கிறுக்கு இருக்கிறது என்பதுதான்.

நான் தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் படித்தவள். தமிழில் ஹையர் பாஸ். கல்யாணமாகித் திருப்போரூர் வந்தபோது, கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கிற என் கணவர், வேலைக்கெல்லாம் வெளியே போக வேண்டாம், வீட்டிலேயே ஏதாவது செய் என்றார். வீட்டிலேயே என்ன செய்வது, அப்பளமா இடுவது? எனக்கு அப்பளமும் வராது, அதற்கான பொறுமையும் கிடையாது. மகள் பிறந்து அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில், எங்கள் பக்கத்து வயலையெல்லாம் பிளாட் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். பத்திரம் டைப் அடிக்க ஆள் போதவில்லை. கூடத்தில் ஒரு மூலையை ஒதுக்கி ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் போட்டுவிட்டால் நானும் ஒரு ஆபீஸ்தானே என்று முடிவு கட்டினேன். கடையில் விலை கேட்டதும் தலை சுற்றியது. அப்போதுதான் அந்த அக்காவைப் பற்றிச் சொன்னார்கள். நெம்மேலி போகிற வழியில், காலனியில் இருக்கிறார், பார்ட் பார்ட்டாக வாங்கிவந்து சேர்த்துக் கொடுப்பார், பாதி விலையில் முடியும் என்றார்கள். பொம்பளையா என்று கேட்டேன். நானே ஒரு பொம்பளையாக இருந்துகொண்டு அப்படித்தான் கேட்டேன்.

நாற்பது தாண்டிய வயது. பூப்போட்ட நைலக்ஸ் புடவை, தோளில் ரெக்சின் பை. பைக்குள் ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு பெயிண்ட் பிரஷ், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பர் ஒன்று, ஒரு தண்ணீர் பாட்டில். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு டிவி கம்பெனியில் போர்டுகளுக்கு ஈயம் வைத்தவர். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் இருந்த அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, மகள் ஹார்டுவேர் படிப்பில் கற்றுவந்ததையும் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டு, இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

எங்கள் வீட்டில் அவர் தண்ணீர் கேட்டதில்லை. நாற்காலியைக் காட்டினால், தரையில் குந்தினால்தான் கை ஓடும் என்பார். எங்கள் தெருவில் காலனிக்காரர்களுக்கு எந்த வீட்டிலும் டம்ளர் நீண்டதில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவர் பாட்டிலில் இருந்து குடிப்பார், நான் என் வேலையைப் பார்ப்பேன்.

என்னென்ன வாங்குவது என்று முதல் நாள் பேசியபோது நான் எல்லாமே பழசாக இருந்தாலும் பரவாயில்லை, விலை குறைந்தால் சரி என்றேன்.

"மானிட்டரு பழசே போதும்மா. சிறுசேரி ஆபீசுல கழிச்சி வுட்டது, சூப்பரா கீது. கேபினெட்டு, கீபோர்டு, மவுசு எல்லாம் கம்மியில முடிச்சிடலாம். டிஸ்க்கு மட்டும் புதுசு வாங்கிக்கோ," என்றார்.

ஏன் அது மட்டும் என்று கேட்டேன். பழைய டிஸ்க்கில் யார் யாரோ வைத்த சமாச்சாரம் இருக்குமாம். அழித்தாலும் முழுசாகப் போகாதாம், எங்கேயாவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டே இருக்குமாம். அடுத்தவர் வீட்டுச் சமாச்சாரம் நமக்கு எதற்கு என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. சரி, தொழில் தெரிந்தவள்தான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் எல்லாவற்றையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மானிட்டர் காலடியில், கேபினெட் மடியில். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தினார். மெமரியைப் பொருத்துவதற்கு முன்னால் அதன் பல்வரிசையை அழிரப்பரால் தேய்த்தார். புதுசைப் போய் எதற்குத் தேய்க்கிறீர்கள் என்று கேட்டால், "உப்பு வந்துடும்மா. இம்மாந்தூரம் கூட வந்துடும்," என்றார். வீட்டிலிருந்து கடலுக்கு அரைமணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். ஆனாலும் தேய்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார்.

என் கணவர் சந்தனம் குங்குமத்தோடு வந்து நின்றார். அக்கா, ஃபேனுக்குள் விழாமல் மேலே வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் கழுத்தில் கிடந்த சிலுவையை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு விண்டோஸ் ஏற்றுகிற சிடியைப் போட்டார். திரையில் என்னென்னவோ ஓடியது. ஓர் இடத்தில் நின்று பெயர் கேட்டது. நான் என் பெயரைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் ஏதோ அடித்து, மேலே போகவிட்டார். கீழே ஒரு கோடு ஓட ஆரம்பித்தது. முடிய இன்னும் முப்பது சொச்சம் நிமிடம் என்று காட்டியது. அக்கா எழுந்து போய் எங்கள் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக் கதவுக்கு இவள் யார் தாழ்ப்பாள் போட?

"இது ஓடி முடியற வரைக்கும் யாரும் வெளிய போவக் கூடாது," என்றார்.

என் கணவருக்குக் கோயிலுக்கு நேரமாகிவிட்டது. மகள் எதிர்வீட்டில் பிறந்தநாள் என்று புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் போகக் கூடாது என்று கேட்டதற்கு, கரண்டு மாறும், மெஷினுக்கு ஆகாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மனிதர்கள் வாசலைத் தாண்டினால் கரண்டு எப்படி மாறும் என்று கேட்க எனக்கு அப்போது புத்தி இல்லை. என் மகள் ஒரு பாட்டம் அழுது ஓய்ந்தாள். அந்த அக்கா அழுகிற குழந்தையைத் தேற்றவும் இல்லை, அதட்டவும் இல்லை. கதவுக்குக் குறுக்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குள் நாங்களே அடைபட்டுக் கிடந்தோம்.

கோடு ஓடி முடிந்தது. மெஷின் தானாக அணைந்து தானாக எழுந்தது. ஸ்பீக்கர் ஒயரை மட்டும் அவர் கடைசிவரை மாட்டவில்லை. எல்லாம் முடிந்து, நான் டைப் அடித்துப் பார்த்த பிறகுதான் மாட்டினார். அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னார், நினைவில்லை. போகும்போது என் மகளின் கையைப் பிடித்து, "இப்ப போ கண்ணு," என்றார். குழந்தை அவர் கையை உதறிவிட்டு ஓடினாள்.

வேடிக்கை என்னவென்றால், என் கணவர் அதை அப்படியே நம்பிவிட்டார். கோயில் அலுவலகத்தில் போய்ச் சொன்னார். அது ஊரெல்லாம் பரவியது. விண்டோஸ் ஏற்றும்போது வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது கிரகணத்துக்கு வெளியே போகக் கூடாது என்பதுபோல எங்கள் பக்கத்தில் ஒரு சம்பிரதாயமே ஆகிவிட்டது. மாட வீதியில் ஒருவர் ராகுகாலம் பார்த்து, வீட்டில் எல்லோரையும் வரவழைத்து உட்காரவைத்துக்கொண்டு, பிறகுதான் சிடியைப் போடச் சொன்னார். ஒன்றும் தெரியாதவர்கள் என்று இப்போது சிரிக்கலாம். அன்றைக்கு நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

அப்புறம் அந்தப் பெயர். செங்கல்பட்டில் இருந்து ஒரு வக்கீல் போன் செய்து, உங்கள் ஆபீசில் ஜெனிட்டா என்று ஒரு பொண்ணு வேலை செய்கிறதே, நன்றாக டைப் அடிக்கிறது என்றார். என் ஆபீசில் நானும் மின்விசிறியும்தான். விசாரித்தால், நான் அனுப்பிய பைலின்மேல் மவுசைக் கொண்டுபோய் வைத்தால் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் வருகிறது, அதில் எழுதியவர் ஜெனிட்டா என்று இருக்கிறது. நான் கண் வலிக்க, முதுகு ஒடிய அடித்ததெல்லாம் யாரோ ஒருத்தி கணக்கில் போயிருக்கிறது. வயிற்றெரிச்சலாக இருந்தது. அக்காவைக் கூப்பிட்டு என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்றேன். மாற்றினால் பைலெல்லாம் போய்விடும் என்றார். அது பொய். கரண்டு மாறும் என்றதை விட்டால், தொழில் விஷயத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். நானும் நம்பி விட்டுவிட்டேன்.

இதெல்லாம் என்ன என்று நான் நேராகக் கேட்டது, என் சித்தி மகன் விவகாரத்துக்குப் பிறகு. அவன் சிறுசேரியில் சாப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டு கேளம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருந்தான். வீட்டில் வைத்துக்கொள்ள மலிவாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றான். அக்காவை அனுப்பிவைத்தேன். அவர் அங்கேயும் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறார். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பால் வாங்கிவருகிறேன் என்று வேண்டுமென்றே வெளியே போயிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் அக்காவும் இல்லை, மெஷினும் இல்லை. கோடு பாதி ஓடிக்கொண்டிருந்தபோதே பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எந்தப் பைத்தியத்தை அனுப்பினாய் என்று போனில் அவன் கத்திய கத்தலில் என் காது அடைத்துப்போனது.

அந்த வாரமே அக்கா என் பிரிண்டரைப் பார்க்க வந்தார். வந்ததும் பிடித்துக்கொண்டேன். இன்றைக்குச் சொல்லாமல் போகக் கூடாது என்றேன். அவர் பிரிண்டரைத் திறந்து பிரஷ்ஷால் தூசியைத் தட்டிக்கொண்டே, ஒரு கடைக்காரர் சரக்கு விவரம் சொல்வதுபோலச் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஜெனிட்டா செங்கல்பட்டில் படித்துக்கொண்டே, அம்மாவும் தானுமாக ஒவ்வொரு பார்ட்டாகச் சேர்த்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தாள். அவர்களுக்கென்று முதல் கம்ப்யூட்டர். கடைசிப் பார்ட்டும் அந்த வாரம் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் சிடியைப் போட்டாள். பெயர் கேட்டது. தன் பெயரை அடித்தாள். கோடு ஓட ஆரம்பித்தது. கூடப் படிக்கிற பெண்கள் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள், புது சுடிதாரைக் காட்டிவிட்டு வருகிறேன், இது முடிவதற்குள் வந்துவிடுவேன், நீ எதையும் தொடாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். அக்கா எதையும் தொடாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடு முடிந்தது. மெஷின் தானாக அணைந்து தானாக எழுந்து ஒரு பாட்டுப் போட்டது, வார்த்தை எதுவும் இல்லாத பாட்டு. ஏற்றி முடிந்துவிட்டதே, இவளை இன்னும் காணோமே என்று அவர் நினைத்தபோதே, பாட்டு முடிவதற்குள் தெருவில் கூச்சல் கேட்டது, எழுந்து ஓடினார்.

மகளைத் தேடி அலைந்துவிட்டு மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் திரை அப்படியே நின்றுகொண்டிருந்ததாம், மேலே போவதற்கு ஒரு பட்டனை அமுக்கச் சொல்லி.

அவர் அதோடு நிறுத்தினார். எதையாவது கேட்க வேண்டுமே என்று, அதற்காகவா எல்லா மெஷினிலும் அவள் பெயரைப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு அந்த எடத்துல வேற பேரு அடிக்க வரலம்மா," என்றார். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "அவ எங்கனா ஒரு ஆபீசுல குந்திகினு இருந்தான்னு வையி. ஒரு பைலு வருது. இன்னாடா இது, நம்ம பேரு போட்டுக்கீதேன்னு பாப்பாளா இல்லியா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அன்றிலிருந்து என் கம்ப்யூட்டரைப் போட எனக்குப் பயமாக இருந்தது. பேய் பிசாசு என்ற பயம் இல்லை. காலையில் சுவிட்சைப் போட்டதும் வாங்க ஜெனிட்டா என்கிற மாதிரி அந்தப் பெயர் வந்து நிற்கும். அவளுக்காக வைத்திருக்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றும். மத்தியானத்தில், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், பின்னால் யாரோ வந்து நின்று, எழுந்திருங்கள் என்று சொல்லப்போகிறார்கள் என்று பல தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஊரிலோ பைல்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. யாரும் பத்திரத்தைப் புதிதாக அடிப்பதில்லை. பழைய பைலைத் திறந்து, ஆள் பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றி, வேறு பெயரில் சேமித்துக்கொள்வார்கள். எழுதியவர் பெயர் மட்டும் மாறாமல் கூடவே போகும். செங்கல்பட்டு, கேளம்பாக்கம் என்று நான் பார்த்தே இராத ஆபீஸ்களில் எல்லாம் ஜெனிட்டா எழுதிய கிரயப் பத்திரங்கள் இருந்தன.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் ஒருநாள் தனியாக வந்தார். பெயிண்டர். நகக்கண்ணில் சுண்ணாம்பு. வாசலிலேயே நின்றுகொண்டு, ஒரு மனு டைப் அடிக்க வேண்டும் என்றார். மகள் கடலில் போய்விட்டாள் என்று தாசில்தார் ஆபீசில் ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் அவள் பேரில் ஒரு கல் வைக்கக் கேட்டதற்கு, சர்ச்சில் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். தாய் தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, தெரிந்தால் விடமாட்டாள் என்றார்.

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுவத்தி எடுத்துகினு அவங்கவங்க ஆளுங்களாண்ட போறாங்கம்மா. நான் மட்டும் கையில வச்சிகினு எங்க போறது? கடலாண்ட கொளுத்தினா நிக்கவும் மாட்டேங்குது," என்றார்.

எனக்கு இரண்டு பக்கமும் இடி. இந்த மனுஷன் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அடித்துக் கொடுத்தால் அந்த அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? கடைசியில் உட்கார்ந்தேன். எங்கள் மகள் ஜெனிட்டா கடல் அலையில் காணாமல் போனதால் என்று அடித்துப் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். காணாமல் என்று போட்டால் தேடச் சொல்லுவார்கள், இறந்துவிட்டாள் என்றே போடுங்கள் என்றார். போட்டேன். நாளெல்லாம் அதே சொல்லை எத்தனையோ பத்திரத்தில், இறந்துபோன இன்னாருடைய வாரிசு என்று, யோசிக்காமல் அடிக்கிறவள்தான். அன்றைக்கு அந்த நாலெழுத்துக்கு என் விரல் ஓடவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் அக்கா வந்துவிட்டார். தோளில் பை இல்லை. கையில் அந்தத் தாள் இருந்தது.

"நீதான் அடிச்சியா?" என்றார்.

ஆமாம் என்றேன். நான் அடித்தேன் என்று சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அழிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அழித்துவிட்டுப் போகட்டும் என்றும் நினைத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு, மனு இருந்த இடத்தைத் திறந்து காட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். மவுசைப் பிடித்து அந்தப் பைலின்மேல் கொண்டுபோனார். அவர் கை நின்ற இடத்தில் மஞ்சள் கட்டம் விரிந்தது. எழுதியவர், ஜெனிட்டா.

அவரே ஒவ்வொரு மெஷினிலும் அடித்து வைத்த பெயர்தான். ஆனால் அந்தக் கட்டத்தை அவர் பார்ப்பார் என்று நானும் நினைக்கவில்லை, அந்த இடத்தில் அது வந்து நிற்கும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார். அதை வாசித்தார். கையை எடுக்கவில்லை. கட்டம் தானாக மறைந்தது. மவுசை நகர்த்தி மறுபடியும் கொண்டுவந்தார், மறுபடியும் வந்தது.

"கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றார்.

உள்ளே ஓடிப்போய் எங்கள் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடிக்கவில்லை, வாய் வைத்துக் குடித்தார். முழுசையும் குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளே எழுதிக் குடுத்துட்டா," என்றார். "அவளே சொல்லிட்டப்புறம் நான் இன்னாத்த சொல்லிகினு."

என் பேனாவைக் கேட்டு வாங்கி, வீட்டுக்காரர் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினார். எழுத்துக் கூட்டி, நிதானமாக, தாள் கிழியாமல் எழுதினார். அழவில்லை. நான்தான் அழுதேன். அவர் போன பிறகு அந்த டம்ளரைக் கழுவப் போகிறபோதும் அழுதுகொண்டிருந்தேன்.

கல் வைத்தார்கள். நான் போகவில்லை, கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அக்கா அதிகமாக யாருக்கும் மெஷின் செய்யவில்லை. கடைகளில் விலையும் இறங்கிவிட்டது. என் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. திறந்து பார்த்தால் போர்டெல்லாம் பச்சை பூத்திருந்தது. உப்புத்தான், அவர் சொன்ன மாதிரியே வந்து சேர்ந்துவிட்டது. கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று என் கணவர் சொன்னார். நான் அக்காவைத்தான் கூப்பிட்டேன்.

அதே கூடம், அதே மாதிரி பழைய பேப்பர். அழிரப்பர் புதுசு. என் மகள் அதற்குள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். சிடியைப் போட்டார். திரை பெயர் கேட்டு நின்றது. அங்கே எந்தப் பெயர் விழும் என்று எனக்குத் தெரியுமே.

அக்கா கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உம் பேரு எப்பிடிம்மா எழுதறது? ஸ்பெல்லிங் சொல்லு."

பிரேமா என்பதற்கு எத்தனை எழுத்து இருக்கிறது? அதைச் சொல்வதற்குள் எனக்கு இரண்டு தடவை நாக்குக் குழறியது. நான்தான் வேண்டும் வேண்டும் என்று கேட்டேன். அது கிடைத்தபோது, யாரையோ வெளியே அனுப்பிவிட்டு உள்ளே வந்தமாதிரி இருந்தது.

கோடு ஓட ஆரம்பித்தது. என் மகள் சிநேகிதி வீடுவரை போய்விட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். என்னையறியாமல் நான்தான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். ஓடுதுடி, முடியட்டும் என்றேன்.

"போவட்டும் வுடும்மா," என்றார் அக்கா.

கதவைத் திறந்துவிட்டேன். மகள் போனாள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் திரையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாசலைத்தான் பார்த்தேன். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தாலும் எட்டிப் பார்த்தேன். என் சொந்தத் தெரு, நாலு வீடு தள்ளி சிநேகிதி வீடு, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல நம்பிக்கை வரவில்லை. அந்த அக்கா இத்தனை வருஷமும் ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். கோடு எங்கே இருக்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கவே இல்லை.

கேட் சத்தம் கேட்டது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என்ன இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

அக்கா எழுந்து போய் ஸ்பீக்கர் ஒயரை எடுத்து மாட்டினார். கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாக அணைந்து தானாக எழுந்தது. பாட்டு வந்தது. வார்த்தை இல்லாத பாட்டு. என் மகள் பட்டனை அமுக்கி மேலே போகக் கையை நீட்டினாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு கண்ணு. அன்னிக்கி பாதியில எழுந்து ஓடிட்டேன்," என்றார்.

அது முடிகிறவரை மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம்.